அடைக்கலம் கொடுப்பதும் இபாதத்தே

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களுக்கும் அவ்வூர் அன்சார்களுக்கும் இடையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரப் பிணைப்பை ஏற்படுத்தினார்கள். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். கொடுக்க வந்தவரின் தாராளத்தைப் பேசும் நாம், வாங்க மறுத்தவரின் தன்மானத்தை அத்தனை பேசுவதில்லை.

அந்தத் தன்மானத்தையே முதலாகக் கொண்டு நம் தமிழகத்தில் எழுந்த தொண்டமைப்பு ஒன்றுண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் படகேறி ராமேசுவரம் கரையில் வந்திறங்கினர். மறு ஆண்டே, 1984-ல், தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஏதிலிகளுக்காக ஏதிலிகளே நடத்தியது அது. பிள்ளைகளின் படிப்பு, தாய்சேய் நலம், பெண்களுக்குத் தொழிற்பயிற்சி என்று பணி விரிந்தது. முகாமில் பிறந்த குழந்தை எந்த நாட்டுக்கும் உரியதல்லாமற் போய்விடாதபடி, பிறப்புச் சான்றும் இலங்கைக் குடியுரிமையும் பெற உதவினார்கள். காகித வேலைதானே என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காகிதம் இல்லாதவனுக்குத் திரும்பிப் போகவும் நாடில்லை. 2004-ல் சுனாமி தாக்கியபோது, முகாமிலிருந்த ஏதிலிகள் நம் கடற்கரை மக்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டார்கள்.

"1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் விரட்டவில்லையா? யாழ்ப்பாணத்தில் இரண்டே மணி நேர அவகாசம் தந்தார்களே! அவர்களுக்கு நாம் ஏன் உதவ வேண்டும்?" என்று நம் வீடுகளில் கேட்போர் உண்டு. 70,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தது உண்மை. தம் பற்றாக்குறையிலும் அவர்களை ஏற்ற புத்தளம் மக்கள் அன்சார்களின் வேலையைச் செய்தார்கள். ஆனால் துப்பாக்கி ஏந்தியவன் வேறு, பிள்ளையை இடுப்பில் சுமந்து முகாமுக்கு வந்த தாய் வேறு. மார்க்க விஷயத்தில் உங்களோடு போரிடாதவர்க்கும், உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்க்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அல்-மும்தஹினா எட்டாம் வசனத்தின் கருத்து. அத்தவ்பா ஆறாம் வசனமோ, அபயம் தேடிவரும் இணைவைப்பவரையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்கிறது. அது போர்க்காலச் சட்டம் என்பதைக் கவனியுங்கள். நம் முன்னோரான ஸஹாபாக்களுக்கு அபிசீனியாவில் அடைக்கலம் தந்த நஜ்ஜாஷியும் அப்போது கிறிஸ்தவ மன்னரே.

எங்கள் சுருளிப்பட்டி, கம்பம் வட்டாரத்தாருக்கு இது தூரத்துக் கதையல்ல. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றம் மூண்டபோது, இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் உயிருக்கஞ்சி மலையிறங்கி வந்தனர். அவர்களுக்குத் திரும்ப ஒரு சொந்த மண்ணாவது இருந்தது.

சட்டம் ஒன்றையும் அறிந்துகொள்வோம். ஜகாத், தகுதியுள்ள முஸ்லிம்களுக்கு உரியது என்பதே மத்ஹபுகளின் பொதுத் தீர்ப்பு. ஸதகாவுக்கு அந்த வரம்பில்லை. எம்மதத்தவருக்கும் கொடுக்கலாம், நன்மையும் உண்டு. தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 2021-ல் அரசு அகதி முகாம் என்ற பெயரை அவ்வாறு மாற்றியது. அங்கே பழந்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கல்லூரிக் கட்டணமா, தையல் மிஷினா, என்ன தேவை என்று முதலில் கேளுங்கள்.