எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பலாமா?
பழைய டிராக்டரில் மீட்டர் பொருத்தும் முறை

டிராக்டர் ஓட்டுபவர்களில் பலர், முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரியாதவரை என்ஜின் நலமாக இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். இது பாதி உண்மையே. கெடுதல் முற்றிய பிறகுதான் விளக்கு எரியும். கெடுதல் தொடங்கும்போதே காட்டிக் கொடுப்பது மீட்டர். ஆயில் அழுத்தம், நீரின் சூடு, பேட்டரி மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் வெறும் விளக்குகளே உள்ள பழைய டிராக்டர்களில் மீட்டர்களைப் பொருத்திக் கொள்வது நல்லது. சேற்றுழவு நடக்கும் நாட்களில் என்ஜின் பிடித்துக்கொண்டால் பழுது பார்க்கும் செலவோடு பருவமும் தவறிப் போகும்.

விளக்கு எப்போது எரிகிறது?

ஆயில் விளக்குக்கான சுவிட்சு என்ஜின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும். ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 10 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலான சுவிட்சுகள் விளக்கை எரிய வைக்கும். ஆனால் உழவு நடக்கும்போது பல டீசல் என்ஜின்களுக்கு 40 பவுண்டு அளவிலோ அதற்கு மேலோ அழுத்தம் தேவை. அழுத்தம் 15 பவுண்டுக்கு இறங்கிவிட்ட நிலையிலும் விளக்கு எரியாது. உள்ளே கிராங்க் பேரிங்குகள் போதிய ஆயில் இன்றித் தேய்ந்துகொண்டே இருக்கும்.

பல்பு ஃபியூஸ் ஆனாலும், ஒயர் அறுந்தாலும் விளக்கு எரியவே எரியாது. எனவே நாள்தோறும் என்ஜினைக் கிளப்பும் முன் சாவியை மட்டும் திருப்பி, ஆயில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கிளப்பிய சில விநாடிகளில் அது அணைய வேண்டும்.

விளக்கையும் வைத்துக்கொள்க

மீட்டர் வந்துவிட்டது என்று விளக்கைக் கழற்றிவிடக் கூடாது. உழும்போது ஓட்டுபவரின் பார்வை சாலிலும் கலப்பையிலும் இருக்கும். மீட்டர் முள் இறங்குவதைக் கவனிக்காமல் போகலாம். சிவப்பு விளக்கு கண்ணில் படும். சுவிட்சு இருக்கும் துளையில் 'டீ' இணைப்பு ஒன்றைப் பொருத்தினால், ஒரு பக்கம் பழைய சுவிட்சும் மறுபக்கம் மீட்டரும் இருக்கலாம்.

ஆயில் மீட்டர்

இதில் இருவகை உண்டு. முதல் வகையில் மெல்லிய குழாய் வழியாக ஆயிலே மீட்டர் வரை வரும். இதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் செம்புக் குழாய் அதிர்வினால் வெடித்தால் ஆயில் முழுவதும் வெளியேறிவிடும். எனவே என்ஜினுக்கு அருகில் குழாயை இரண்டு மூன்று சுற்று வளையமாக விட்டு, புகைக்குழாயையும் விசிறியையும் தொடாமல் கிளிப் போட்டு நிறுத்த வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

இரண்டாவது வகை மின்சார மீட்டர். இதற்குத் தனி சென்சார் வேண்டும். விளக்குச் சுவிட்சுக்கு வரும் ஒயரை மீட்டரில் கொடுத்தால் வேலை செய்யாது. அந்தச் சுவிட்சுக்கு எரி, அணை என்ற இரண்டு நிலைகளே தெரியும். மீட்டரையும் சென்சாரையும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். பொருந்தாத சென்சார் தவறான அளவைக் காட்டும். பெரும்பாலான சென்சார்களுக்கு எர்த் அதன் உடல் வழியாகவே கிடைக்கிறது. மரையில் டேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் எர்த் தடைப்படும்.

மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும். கழற்றிய பழைய சுவிட்சைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. பொருந்தாத மரையை வலிந்து முறுக்கினால் பிளாக் கெட்டுவிடும்.

ஹீட் மீட்டர்

வெப்ப விளக்கு பெரும்பாலும் நீர் கொதிநிலையை நெருங்கிய பிறகே எரியும். மீட்டர் இருந்தால், வழக்கமாக 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை நிற்கும் முள் ஏறுவதை முன்கூட்டியே காணலாம்.

ஹீட் மீட்டரின் முனை, சிலிண்டர் ஹெட் பக்கம் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் உள்ள நீரில் இருக்க வேண்டும். என்ஜின் நன்கு ஆறிய பின் சிறிது நீரை வடித்துவிட்டுப் பொருத்த வேண்டும். மெல்லிய குழாயுள்ள மீட்டரானால் குழாயை வெட்டவோ, மடக்கவோ கூடாது. மிச்சக் குழாயை அகலமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. நீர் முழுவதும் ஒழுகிவிட்டால் மீட்டரின் முனை வெறும் காற்றில் இருக்கும். அப்போது முள் குறைவாகவே காட்டலாம். ஆகவே மீட்டர் இருந்தாலும் காலையில் ரேடியேட்டர் நீரைப் பார்ப்பதை விடக் கூடாது.

பேட்டரிக்கு வோல்ட் மீட்டர்

பழைய ஆம்பியர் மீட்டரில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்வது தவிர, வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் அதன் வழியாகவே ஓடும். இணைப்பு தளர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வோல்ட் மீட்டர் எளிது. சாவிக்குப் பின்னால் சிறிய ஃபியூஸுடன் இணைத்தால் போதும். 12 வோல்ட் வண்டியில் என்ஜின் நிற்கும்போது ஏறத்தாழ 12.5, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 13க்குக் கீழே நின்றால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. பேட்டரி நீர் வற்றிவிடும்.

இங்கும் சார்ஜ் விளக்கைக் கழற்றக் கூடாது. ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில் அந்த விளக்கு வழியாகச் செல்லும் சிறு மின்சாரமே ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. பல்பை எடுத்துவிட்டால் அது சார்ஜ் செய்யாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

மின் வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றி, வேலை முடிந்ததும் கடைசியாக மாட்ட வேண்டும்.

முள்ளைப் படிக்கப் பழகுதல்

மீட்டரைப் பொருத்தியதும் என்ஜினை ஓடவிட்டு ஆயில், நீர்க் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். முதல் வாரம் முழுவதும், காலையில் கிளப்பியவுடன் ஒரு முறையும், ஒரு மணி நேரம் உழுத பின் அதே வேகத்தில் ஒரு முறையும் அளவைக் குறித்து வைக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் ஆயில் அழுத்தம் அதிகமாகவும், சூடேறிய பின் குறைவாகவும் காட்டுவது இயல்பு. வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடும் ஒப்பிட வேண்டும். பிறகு வேறுபாடு வந்தால் உடனே தெரியும்.

ஆயில் அழுத்தம் நாளுக்கு நாள் குறைந்தால், ஆயில் அளவு குறைவு, ஆயிலில் டீசல் கலப்பு, வடிகட்டி அடைப்பு, பேரிங் தேய்வு என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். திடீரென முள் விழுந்தால் அடுத்த சாலை முடிக்கலாம் என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும்.

சூடு படிப்படியாக ஏறினால், ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைப்பு, ஃபேன் பெல்ட் தளர்வு, உள்ளே உப்புப் படிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவதால் படிவு ஏற்படும். கூலண்டை உரிய அளவில் கலந்து ஊற்றுவது நல்லது. முள் ஏறும்போது கலப்பையைத் தூக்கிச் சுமையைக் குறைத்து, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பெல்ட் அறுந்திருந்தாலோ, நீர் ஒழுகியிருந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். சூட்டோடு மூடியைத் திறப்பதும், பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

மூன்று மீட்டர்களையும் ஒரே சமயத்தில் வாங்க இயலாதவர்கள் முதலில் ஆயில் மீட்டரையும், அடுத்து ஹீட் மீட்டரையும் பொருத்தலாம். கிராங்கைக் கடைந்து புதுப் பேரிங் போடும் செலவில் மிகச் சிறு பங்கே இவற்றின் விலை. டிராக்டரை வாடகைக்கு ஓட்ட ஆள் வைத்திருப்பவர்கள், முள் எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதை மீட்டர் கண்ணாடியில் சிவப்புக் கோடிட்டு ஓட்டுநருக்குக் காட்டி வைப்பது நலம்.