பெர்மனென்ட்: ஒரு சொல்லின் பொருள்

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவனை ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" அடுத்த கேள்வி, "பெர்மனென்ட் ஆயிட்டியாப்பா?" இந்தச் சொல்லின் பொருளை வேலையில் சேருமுன்பே தெரிந்து கொள்வது நல்லது.

வகுப்பில் இது நமக்குப் பழகிய சொல்தான். போல்ட், நட் போட்டது தற்காலிக இணைப்பு; கழற்றலாம், மாட்டலாம். ரிவெட், வெல்டிங் என்றால் பெர்மனென்ட் ஜாயின்ட். உடைக்காமல் பிரிக்க முடியாது. ஆனால் வேலையில் பெர்மனென்ட் என்றால் "யாரும் அசைக்க முடியாது" என்று பொருளல்ல. உரிய காரணமும் சட்டம் சொல்லும் முறையும் இல்லாமல் அனுப்ப முடியாது என்பதே பொருள். பெர்மனென்ட் மேக்னட்டே அதிகம் சூடேற்றினால் காந்தத்தை இழக்கிறதல்லவா!

இதன் பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்ப்போம்.

அப்ரண்டிஸ்: 1961-ம் ஆண்டு சட்டப்படி பயிற்சி பெறுபவர். 1973-ல் வந்த திருத்தத்தால் டிப்ளமோக்காரர்களும் இதில் சேர்ந்தார்கள். இவர் வாங்குவது சம்பளமல்ல, ஸ்டைபண்ட். சட்டத்தின் கண்ணில் இவர் தொழிலாளி அல்ல.

புரொபேஷனரி: தகுதி பார்க்கும் காலத்தில் இருப்பவர். "ஆறு மாசம் முடிஞ்சுது, நான் பெர்மனென்ட்" என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஆர்டரிலோ நிர்வாக விதியிலோ அப்படி இல்லையென்றால், கன்ஃபர்மேஷன் ஆர்டர் கைக்கு வர வேண்டும்.

டெம்பரவரி, கேஷுவல்: குறிப்பிட்ட வேலைக்கோ, தேவைப்படும் நாளுக்கோ எடுக்கப்படுபவர். இவர்களுக்காகவே 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. கட்டிடம், பாலம், சாலை போன்ற கட்டுமான வேலைகளுக்கு அதில் விலக்கு உண்டு. சிவில் நண்பர்கள் கவனிக்க!

பிரச்சினை வந்தால் நாள் கணக்கைக் காட்ட வேண்டியவர் பெரும்பாலும் தொழிலாளிதான். "மேஸ்திரிக்குத் தெரியும் சார்" என்றால் எடுபடாது. எனவே ஆர்டர் காப்பி, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆர்டர் வந்ததும் சம்பளத் தொகையைத்தான் கண் தேடும். தேடட்டும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் பதவிப் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு சொல்லையும் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை!