பல் பிரஷ்ஷுக்கு எப்போது விடை கொடுப்பது?

இராயபுரத்தை ஒட்டியுள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கரையில் அமர்ந்து, அறுந்த வலைக் கண்களை ஊசியால் பின்னிக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். அந்த வலைகளில் பல நைலான் வலைகள். இன்று காலை நீங்கள் பல் துலக்கிய பிரஷ்ஷின் இழையும் நைலான்தான். வலைக்குக் கிடைக்கும் கவனிப்பில் கால் பங்காவது பிரஷ்ஷுக்குக் கிடைக்கிறதா?

நைலானை 1935இல் உருவாக்கியவர் அமெரிக்க வேதியியலார் வாலஸ் கரோதர்ஸ். அதற்கு முன் பிரஷ்களில் பெரும்பாலும் பன்றி மயிரையே பதித்தார்கள். நைலானால் செய்யப்பட்டு முதன்முதலில் கடைக்கு வந்த பொருள் எது தெரியுமா? 1938இல் வந்த பல் பிரஷ்தான்! புகழ்பெற்ற நைலான் காலுறைகள் அதன் பிறகே வந்தன.

வேலை செய்வது நுனி

பிரஷ் இழையின் விட்டம் ஏறக்குறைய 0.2 மி.மீ. அதை ஒரு மெல்லிய தூணாகக் கருதுங்கள். மெதுவாக அழுத்தினால் தூண் நிமிர்ந்து நிற்கும். அதன் நுனி பல்லிடுக்கில் நுழைந்து அழுக்கை எடுக்கும். ஓரளவுக்கு மேல் அழுத்தினால் தூண் வளைந்துவிடும். பிறகு பல்லில் உரசுவது நுனியன்று, இழையின் பக்கவாட்டுதான். இடுக்கிலுள்ள அழுக்கு அங்கேயே இருக்கும், ஈறுதான் புண்படும். ஆகவே, அழுத்தித் தேய்த்தால் பல் அதிகம் சுத்தமாகும் என்பது தவறு.

தூண் வளையாமல் தாங்கும் சுமை, அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஆய்லர் என்ற கணித மேதை காட்டிய உண்மை. விட்டத்தை 0.2 மி.மீ.இலிருந்து 0.15 மி.மீ.ஆகக் குறைத்தால் தாங்கும் சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கணக்கிட்டுப் பாருங்கள். ‘மென்மையான’ பிரஷ்ஷின் இரகசியம் இதுவே.

வளைந்த இழை மீண்டும் நிமிர்வது மீள்தன்மையால். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நொடிக்கு இரண்டு முறை வீதம் தேய்த்தால் 240 வளைவுகள். நாளுக்கு இரு வேளை துலக்கினால் 90 நாளில் 43,200 வளைவுகள்! நைலான் சிறிது நீரையும் உறிஞ்சி இளகுகிறது. கடைசியில் இழைகள் நிமிராமல் பக்கவாட்டில் விரிந்துவிடுகின்றன. மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறையும், இழை விரிந்தால் அதற்கு முன்பேயும் பிரஷ்ஷை மாற்றும்படி பல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஒரே மாதத்தில் விரிந்துவிட்டால் குற்றம் பிரஷ்ஷின்மேல் அன்று, கையின்மேல்.

ஈரம் ஏன் போவதில்லை?

நைலான் மக்காது. பிறகு ஏன் உலர்த்த வேண்டும்? இழைகளுக்கு இடையில் தங்கும் உணவுத் துகளும் ஈரமும் கிருமிகளுக்கு விருந்து என்பதால்தான்.

0.1 மி.மீ. ஆரமுள்ள, நீர் நன்கு ஒட்டும் நுண்புழையில் நீர் ஏறக்குறைய 15 செ.மீ. உயரம் ஏறும். நைலானில் இந்த உயரம் குறைவே. என்றாலும் பிரஷ் இழையின் நீளமோ 1 செ.மீ. அளவுதான். எனவே கொத்துக்குள் புகுந்த நீர் தன் எடையால் மட்டும் வடிந்துவிடாது. உதறினால் பெரிய துளிகள் போகும். மீதி ஆவியாகியே தீர வேண்டும்.

இங்கேதான் திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குச் சிக்கல். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது ஆவியாகும் வேகத்தில், அது 80 சதவீதமானால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பிரஷ்ஷை மூடியிட்டோ, குளியலறை மூலையிலோ வைத்தால் அந்தப் பாதியும் போய்விடும். ஆகவே கழுவி உதறி, தலை மேலாக, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். ஒருவர் பிரஷ் மற்றவர் பிரஷ்ஷைத் தொட வேண்டாம். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது. கொதிநீரில் போடுவதும் வேண்டாம். நைலான் இளகி இழை கோணிவிடும்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு புதிய பிரஷ்களைப் பள்ளி ஆய்வகத் தராசில் எடை போடுங்கள். நனைத்து உதறி மீண்டும் எடை போடுங்கள். ஒன்றுக்கு மூடியிடுங்கள், மற்றதைத் திறந்து வையுங்கள். மணிக்கு ஒரு முறை எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை செய்தால் இன்னும் நல்லது. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு பிரஷ் வைத்துக்கொள்வது பயன்தருமா என்பதை உங்கள் வரைபடமே சொல்லும்.

பழைய பிரஷ் எங்கே போகிறது?

தாத்தா காலத்து வேப்பங்குச்சி மண்ணில் மக்கிவிடும். பிரஷ்ஷில் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் பிடி, நைலான் இழை, இழையை இறுக்கும் சிறு உலோகத் துண்டு என மூன்று பொருள்கள் ஒன்றாக இறுகியிருக்கின்றன. பிரித்தெடுப்பது கடினம், அதனால் மறுசுழற்சியும் கடினம். குப்பையோடு போனால் கொடுங்கையூர் மேட்டில் சேரும். கால்வாயில் விழுந்தால், கடல்நீரைவிட அடர்த்தி குறைந்த அந்தப் பிடி மிதந்து, எண்ணூர்க் கழிமுகம் வரை போகக்கூடும். வெளியே கடலும் காத்திருக்கிறது.

அதற்காக விரிந்த பிரஷ்ஷையே தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஈறு அதைவிட விலை உயர்ந்தது. மெதுவாகத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, மூன்று நான்கு மாதமும் முழுதாக உழைக்க விடுங்கள். ஓய்வு பெற்ற பிரஷ்ஷை மிதிவண்டிச் சங்கிலியும் தையல் இயந்திரமும் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிரஷ்ஷின் பிடியில் அதை வாங்கிய தேதியை இன்றே எழுதிவிடுங்கள்.