மீனில் தெரியும் புழுவும் தெரியாத புழுவும்

ஆற்று மீன் ஒன்றை அறுக்கும்போது அதன் வயிற்றுக்குள் வெள்ளை நாடாவைப் போல ஒரு புழு சுருண்டு கிடந்தால் என்ன செய்வோம்? அருவருப்புடன் மீனைத் தூக்கி எறிந்துவிடுவோம். ஐரோப்பிய ஏரிகளில் தூண்டில் போடுவோருக்கு இது பழகிய காட்சி. லிகுலா என்னும் அந்த நாடாப்புழு, மீனின் வயிறு புடைக்கும் அளவுக்கு வளரும். மீனைத் தின்னும் நீர்ப்பறவைக்காகவே அது காத்திருக்கிறது. பறவையின் குடலில்தான் அது முட்டையிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மனிதனுக்கு அதனால் தீங்கில்லை எனலாம்.

அஞ்ச வேண்டியது கண்ணில் படாத புழுவுக்கு. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியைப் பாருங்கள். அங்கே 'கோய் பிளா' என்று ஓர் உணவு உண்டு. வயல்களிலும் குளங்களிலும் பிடித்த சிறு கெண்டை இன மீன்களைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் தழைகளும் சேர்த்துப் பிசைந்து உண்பார்கள். மீன் தூய்மையாகவே தோன்றும். ஆனால் அதன் தசைக்குள்ளும் செதில்களின் அடியிலும் மிகச் சிறிய கூடுகள் புதைந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றின் நீளமும் சுமார் 0.2 மில்லிமீட்டரே. ஒவ்வொன்றிலும் ஓர் இளம் ஈரல் புழு உறங்குகிறது. அதன் பெயர் ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி.

ஆட்டு ஈரல் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இதன் கதை எளிதில் விளங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டு ஈரல் புழுவின் முட்டை நீரில் பொரிக்கும். மிராசிடியம் நீந்திச் சென்று நத்தையைத் தேடும். இந்தப் புழுவின் முட்டையோ நீரில் பொரிப்பதில்லை. பிதைனியா என்னும் சிறு நத்தை அதை விழுங்கினால் மட்டுமே பொரிக்கும். நத்தையினுள் ஸ்போரோசிஸ்ட், ரெடியா என்னும் நிலைகளில் அது பெருகி, ஒரு முட்டையிலிருந்து வால் உள்ள செர்க்கேரியாக்கள் ஏராளமாக உண்டாகின்றன. ஒரு குளத்தில் நூறு நத்தைகளைச் சோதித்தால் ஒன்றில்கூடப் புழு இல்லாமல் போகலாம். அப்படியும் அக்குளத்து மீன்களில் பல கூடுகளைச் சுமந்துகொண்டிருக்கும்! காரணம் இந்தப் பெருக்கமே.

செர்க்கேரியா மீனைத் தொட்டதும் வாலை உதறிவிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது, கூடு கட்டிக்கொள்கிறது. அந்த மீனைப் பச்சையாக உண்ணும் மனிதன், பூனை அல்லது நாயின் சிறுகுடலில் கூடு கரைகிறது. வெளிவந்த புழு பித்தநாளத்தின் வழியே ஈரலை நோக்கி ஏறிச் செல்கிறது. சுமார் நான்கு வாரத்தில் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. முட்டைகள் மலத்துடன் வெளியேறுகின்றன. மலம் நீரில் கலக்கும் இடத்தில் சுழற்சி முழுமையடைகிறது.

பெயரிலும் ஒரு கதை உண்டு. 1886-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் புவாரியே இப்புழுவை முதலில் விவரித்தது, பாரிஸ் விலங்குக் காட்சியில் இறந்துபோன ஒரு மீன்பிடிப் பூனையிலிருந்து. அந்தப் பூனையின் அறிவியல் பெயரே புழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. மீனைச் சமைத்து உண்ணும் வழக்கம் பூனைக்கு ஏது?

பூனையை விடுவோம், மனிதனிடம் நிகழ்வதுதான் கவலைக்குரியது. முதிர்ந்த புழு ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இராது. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. உறிஞ்சிகளால் பற்றிப் பற்றிப் பித்தநாளச் சுவரைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும், மறுபடி உண்டாகும். புழு சுரக்கும் ஒரு புரதம் அங்குள்ள செல்களைப் பெருகத் தூண்டுவதும் அறியப்பட்டுள்ளது. இப்படிப் பல ஆண்டுகள் கழிந்தபின் சிலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் தோன்றுகிறது. உலகிலேயே இந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களுள் கோன் கென் மாகாணம் ஒன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994-இல் இப்புழுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிராசிகுவான்டெல் என்னும் மாத்திரை புழுக்களைக் கொன்றுவிடும். அதுவே ஒரு சிக்கலும் ஆயிற்று. "மாத்திரைதான் இருக்கிறதே" என்று மக்கள் மீண்டும் கோய் பிளா உண்டார்கள். மீண்டும் புழு ஏறியது. எலுமிச்சைச் சாறு இறைச்சியை வெளுக்கச் செய்யுமே தவிர, கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தால் புழு மடியும். நம் வீட்டு மீன் குழம்பில் அதற்கு வாய்ப்பே இல்லை.

கோன் கென் அருகிலுள்ள லாவா ஏரிக் கிராமங்களில் 2007 முதல் வேறு வழியை முயன்றார்கள். மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல், பள்ளிகளில் இச்சுழற்சியைப் பாடமாகக் கற்பித்தனர். ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று பேசினர். ஏரியின் நத்தைகளையும் மீன்களையும் தொடர்ந்து சோதித்தனர். முன்பு ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்த தொற்று வெகுவாகக் குறைந்தது. ஏரி மீன்களிலும் கூடுகள் அருகிப்போயின.