படபடப்பு அடங்கினால் காதல் போய்விட்டதா?

கேள்வி: காதலித்து மணந்து நான்கு வருடம் ஆகிறது. ஒன்றரை வயதில் பெண் குழந்தை. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள், இப்போது விசிலை எண்ணிக்கொண்டு அடுப்படியிலேயே நிற்கிறேன். சண்டை எதுவும் இல்லை. காதல் மூளையில் சுரக்கும் ரசாயனம், இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்களுக்கும் தீர்ந்துவிட்டதா டாக்டர்? அவரிடம் கேட்கவே பயமாக இருக்கிறது.
- எஸ்.கே., கரூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அடங்கியிருப்பது படபடப்புதான். அது அடங்கத்தான் வேண்டும்.

வீடியோ சொன்னதில் பாதி உண்மை. இத்தாலிய மனநல மருத்துவர் டொனடெல்லா மரஸ்ஸிட்டியின் குழு, புதிதாகக் காதலில் விழுந்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டது. செரட்டோனின் (மனநிலையைச் சீராக வைக்க உதவும் வேதிப்பொருள்) சார்ந்த ஓர் அளவு அவர்களுக்குக் குறைந்திருந்தது. எண்ணச் சுழற்சி நோய் (ஒரே எண்ணம் விடாமல் அலைக்கழிக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. 12 முதல் 18 மாதம் கழித்துச் சிலரை மறுபடி சோதித்தபோது, அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் கிடந்த அந்த நிலையிலேயே மூளை நின்றுவிட்டால் குழந்தையை வளர்ப்பது எப்படி?

மீதிப் பாதியை வீடியோ சொல்லவில்லை. மணமாகிச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆன பின்னும் துணையை ஆழமாக நேசிப்பதாகச் சொன்ன 17 பேரின் மூளையை, பியான்கா அசெவெடோவும் ஹெலன் ஃபிஷர் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் ஸ்கேன் செய்தார்கள். துணையின் படத்தைப் பார்த்ததும், டோபமின் (ஆசையையும் நாட்டத்தையும் தூண்டும் வேதிப்பொருள்) உருவாகும் நடுமூளைப் பகுதி புதுக் காதலர்களுக்குப் போலவே இயங்கியது. எல்லாத் தம்பதியருக்கும் இப்படி இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருடக் கெடு எதுவும் கிடையாது என்பதற்கு இது போதும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2006-இல் ஜேம்ஸ் கோன் வெளியிட்ட ஆய்வு. மணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். திரையில் ஒரு குறி தோன்றினால் லேசான மின் அதிர்ச்சி வரலாம். தனியாகக் கிடந்தபோது, அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் மும்முரமாக இயங்கின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தன. கணவர் கையைப் பிடித்தபோது இன்னும் நன்றாகத் தணிந்தன. இல்லறம் நிறைவாக இருந்தவர்களுக்கு அந்த ஆறுதல் கூடுதலாகவே கிடைத்தது. அவர் வந்த பிறகும் நீங்கள் பதறாமல் விசிலை எண்ணுகிறீர்கள் என்றால், அவர் அருகில் இருப்பதில் உங்கள் மூளை நிம்மதி அடைந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பழைய துள்ளலும் வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து புதிதாக ஏதாவது செய்யுங்கள். ஆர்தர் ஆரோன் என்ற உளவியலாளர், தம்பதியரின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கைபடாமல் இடுக்கிக்கொண்டு மெத்தைமேல் தவழ வைத்தார். ஏழே நிமிடம்தான். சாதாரண வேலை கொடுக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத் தங்கள் உறவில் நிறைவு கூடியிருந்தது. நீங்கள் தவழ வேண்டாம். பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு, இருவருமே பார்த்திராத ஊருக்குப் பஸ் ஏறுங்கள். உங்கள் பயத்தையும் அவரிடம் சொல்லுங்கள். “நீங்கள் மாறிவிட்டீர்கள்” என்று தொடங்காமல், “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு எல்லாமே ஆர்வத்தை மங்கச் செய்யும். ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவர்மேல் மட்டுமல்லாமல் குழந்தை, சாப்பாடு, பிடித்த பாட்டு என்று எதிலுமே இரண்டு வாரமாக நாட்டம் இல்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். போகத் தயக்கமாக இருந்தால், முதலில் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.