கரண்ட் போனால் விமானம் என்ன ஆகும்?

வீட்டில் கரண்ட் போனால் விசிறி நிற்கும், அவ்வளவுதான். ஆகாயத்தில் போனால்?

நண்பர்களே! பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய இரண்டு இருக்கை விமானம் ஹன்சா என்.ஜி. 2021 செப்டம்பர் 3-ல் முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரியில் சோதனைக்காகப் புதுச்சேரிக்கும் வந்தது. அதிலுள்ள ரோடாக்ஸ் 912 ஐ.எஸ். வகை எஞ்சினை, வெளிநாடுகளில் சொந்தமாக விமானம் கட்டுபவர்களும் பொருத்துகிறார்கள்.

இதில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாமே மின்சாரத்தை நம்பியவை. கரண்ட் நின்றால் எஞ்சினும் நிற்கும். அதனால் இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று எஞ்சினுக்கு மட்டும். மற்றது பேட்டரி, ரேடியோ, ஆட்டோபைலட் போன்றவற்றுக்கு. முதலாவது பழுதானால் இரண்டாவது எஞ்சினுக்குப் போய்விடும். மற்றதெல்லாம் பேட்டரியை நம்பித்தான்.

மாதிரிக் கணக்கு ஒன்று:
பேட்டரியில் மிச்சம் 8 ஆம்பியர்-மணி.
ரேடியோ, கருவிகள் 4 ஆம்பியர், ஆட்டோபைலட் 2, விளக்கு முதலியன 6. மொத்தம் 12.
8 ÷ 12 = 40 நிமிடம்.
விளக்கு முதலியவற்றை அணைத்தால் 8 ÷ 6 = 80 நிமிடம்.

ஆட்டோபைலட்டை ஏன் அணைக்கவில்லை? விமானத்தை அது நேராகப் பிடித்திருந்தால்தான் விமானி பழுதைப் பார்க்க முடியும். ஆனால் வோல்டேஜ் இறங்கினால் அதுவும் கைவிடும். எனவே அதற்குத் தனி பிரேக்கரும், கைப்பிடியிலேயே துண்டிக்கும் பட்டனும் அவசியம். எதை முதலில் அணைப்பது என்பதைத் தரையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

எங்க அப்பாவுக்கு ஃபியூஸ் போடத் தெரியும். எதுக்கு எத்தனை ஆம்பியர்னு கணக்குப் போடப் படிக்க வந்தவன் நான். ஒரகடம் பக்கத்தில் வல்லம் வடகாலில் விண்வெளிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நுழைய இந்தக் கணக்கு நமக்குக் கைவர வேண்டும்!