புதிய டர்போ பிக்கப் வண்டிகளில் இஞ்சின் பழுதும், தகுந்த ஆயிலைத் தெரிந்தெடுத்தலும்

கிருஷ்ணகிரி ஜில்லா ஓசூர் தாலூகாவில் சானமாவு வனத்தை அடுத்துள்ள கிராமங்களில் தக்காளி, முட்டைக்கோஸ், கொத்தமல்லி, ரோஜா முதலியன மிகுதியாகப் பயிராகின்றன. இவை யாவும் சீக்கிரத்தில் கெடக்கூடிய சரக்குகள். ராயக்கோட்டை மண்டிக்கோ, ஓசூர் சந்தைக்கோ, எல்லை தாண்டிப் பெங்களூருக்கோ உரிய நேரத்தில் போய்ச் சேராவிடில் விலை விழுந்துவிடும். முன்னாளில் கட்டை வண்டியும், பின்னர் வாடகை லாரியும் செய்துவந்த வேலையை இப்பொழுது பல ரைத்துகளின் சொந்தப் பிக்கப் வண்டிகளே செய்கின்றன. கடன் பெற்று வாங்கிய அவ்வண்டியின் இஞ்சின் அறுவடைக் காலத்தில் கெட்டுவிட்டால், ரிப்பேர் செலவு ஒரு பக்கம், கடன் தவணை ஒரு பக்கம், வயலில் அழுகும் காய் மற்றொரு பக்கமாக நஷ்டம் மும்மடங்காகும். யானைகள் குறுக்கிடும் வனச்சாலையில் இரவில் வண்டி நின்றுபோனாலோ, உயிருக்கே அபாயம் நேரிடலாம்.

இத்தகைய பழுதுகளில் பல, தவறான ஆயிலாலும், காலங்கடந்து மாற்றப்பட்ட ஆயிலாலும் நேருகின்றன. பழைய இஞ்சினுக்குப் பழகிய வழக்கத்தைப் புதிய டர்போ இஞ்சினுக்கும் அனுசரிப்பதே இதற்கு முக்கிய காரணம். ஆகையால் இவ்விஷயத்தை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

டர்போ என்பது யாது?

இஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழலுகிறது. அதே தண்டின் மறு முனையில் உள்ள சக்கரம், வெளிக் காற்றை இழுத்து அமுக்கி இஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று அதிகமாகச் சென்றால் டீசலும் அதிகமாக எரிந்து, சிறிய இஞ்சின் பெரிய பாரத்தை இழுக்கிறது. இம்முறைக்கு 1905-ஆம் வருஷத்தில் ஸ்விட்சர்லாந்து தேசத்து இஞ்சினீயரான ஆல்பிரெட் பூஹி என்பவர் உரிமை பெற்றார். இப்பொழுது சிறு சரக்கு வண்டிகளிலும் இது சாதாரணமாகிவிட்டது. 2011-ல் ஓசூர் அசோக் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ‘தோஸ்த்’ என்னும் வண்டியும் மூன்று சிலிண்டர் உள்ள டர்போ டீசல் இஞ்சினைக் கொண்டதே.

டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக்கூடியது. ஒரு பக்கத்தில் பல நூறு டிகிரி உஷ்ணமுள்ள புகை. மறு பக்கத்தில் வெளிக் காற்று. நடுவில் தண்டைத் தாங்குவது மயிரிழையிலும் மெல்லிய ஆயில் படலம். கட்டை வண்டியின் அச்சுக்கு மை இடாவிட்டால் அச்சு கிறீச்சிட்டு நமக்கு எச்சரிக்கை செய்யும். சில நாள் பொறுத்தும் ஓடும். டர்போவில் அந்தப் படலம் சில விநாடிகள் அறுந்தாலும் தண்டும் பேரிங்கும் உராய்ந்து கெட்டுவிடும். இங்கே ஆயில் வழவழப்பைத் தருவதோடு நில்லாமல், உஷ்ணத்தைச் சுமந்து செல்லும் வேலையையும் செய்கிறது.

டிராக்டருக்கு வாங்கிய ஆயில் உதவுமா?

பல வீடுகளில் டிராக்டருக்காக வாங்கி வைத்த ஆயில் டிரம் இருக்கும். “இதுவும் டீசல் இஞ்சின், அதுவும் டீசல் இஞ்சின்” என்று அதிலிருந்தே பிக்கப் வண்டிக்கும் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. இது பெருந்தவறாக முடியக்கூடும்.

2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் புதிய வண்டிகள் பி.எஸ்.-6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. இவ்விதிக்கு இணங்கச் செய்யப்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதில் சேரும் கரியை இஞ்சினே அவ்வப்போது எரித்து நீக்கிவிடும். ஆனால் ஆயிலில் கலந்துள்ள உலோக உப்புகளால் உண்டாகும் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி வடிகட்டியை அடைக்கும். அடைபட்டால் புகை வெளியேற வழியின்றி டர்போவின் உஷ்ணம் ஏறி, இழுப்பும் குறைந்துவிடும். பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வடிகட்டி கிடையாது. ஆகவே அவற்றுக்கான பழைய ரக ஆயிலில் சாம்பல் அதிகமாயிருந்தாலும் அவற்றுக்குக் கெடுதலில்லை.

வடிகட்டியுள்ள இஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே வேண்டும். டப்பாவின் மேல் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளை அடுத்து ரகம் குறிக்கப்பட்டிருக்கும். 2006-ல் வந்த சி.ஜே.-4, 2016 இறுதியில் வந்த சி.கே.-4 ஆகியவை சாம்பல் வரம்புக்கு உட்பட்டவை. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் அவற்றில் சாம்பல் இருத்தலாகாது. ஐரோப்பிய முறையில் ஏ.சி.இ.ஏ. சி3 என்று குறிக்கப்படும் ரகத்தில் வரம்பு 0.8 பங்கு. இவற்றுள் எது தமது வண்டிக்கு உரியது என்பதை வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். டிராக்டரின் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஊற்றும் ஆயிலோ, பிக்கப் வண்டியின் இஞ்சினுக்கு உதவாது.

எண்களின் பொருள்

15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பன போன்ற எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பன. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிர்காலத்து இளக்கத்தைச் சொல்லும்; எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் ஆயில் விரைவாக ஓடும். 15டபிள்யூ ஆயில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. ஓசூர் மேட்டுநிலத்தின் மார்கழிக் குளிர் இவற்றுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே முன்னெண்ணைப் பற்றி இங்கே அதிகக் கவலை வேண்டுவதில்லை.

பின்னுள்ள எண்ணே சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுவது. 100 டிகிரி உஷ்ணத்தில் 30-ஆம் எண் ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், 40-ஆம் எண் ஆயில் 12.5 முதல் 16.3 வரையிலும் கெட்டித்தன்மை கொண்டிருக்க வேண்டும். கைப்புத்தகத்தில் இரண்டு எண்கள் அனுமதிக்கப்பட்டிருந்தால், முழுப் பாரத்துடன் மேலுமலை போன்ற ஏற்றங்களில் தினமும் ஏறும் வண்டிக்கு அவற்றுள் கெட்டியானதைத் தெரிந்தெடுப்பது நலம். ஒரே எண் குறிக்கப்பட்டிருந்தால் அதை மீறலாகாது.

கெட்டியான ஆயில் எப்பொழுதும் நன்மையா?

“ஆயில் கெட்டியாயிருந்தால் இஞ்சினுக்குப் பலம்” என்னும் எண்ணம் ரைத்துகளிடையே பரவியிருக்கிறது. இதில் பாதியே உண்மை. அமெரிக்க தேசத்தில் அண்மையில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதனை நன்கு விளக்கும்.

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், தமது 6.2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் பொருத்திய பிக்கப் முதலிய சுமார் 6 லட்சம் வண்டிகளை அந்நாட்டில் சோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள். இவ்விஞ்சினுக்கு டர்போ கிடையாது. தயாரிப்புக் குறையால் கிராங்கு ஷாப்ட் முதலிய பாகங்கள் கெடலாம் என்பது காரணம். சோதனையில் தேறிய இஞ்சின்களுக்கு, முன்னிருந்த 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றும்படி அவர்களே ஏற்பாடு செய்தார்கள்.

மற்றொன்று டொயோட்டா கம்பெனியாரின் டண்ட்ரா பிக்கப். அதன் 3.4 லிட்டர் இஞ்சினுக்கு இரட்டை டர்போ உண்டு. தொழிற்சாலையில் கடைசல் செய்தபோது விழுந்த உலோகத் துருவல் சில இஞ்சின்களுக்குள் தங்கி, முக்கிய பேரிங்குகளைக் கெடுத்தது. 2024 மே மாதத்தில் டண்ட்ராவும் லெக்ஸஸும் சேர்ந்து சுமார் 1,02,000 வண்டிகளும், 2025 நவம்பரில் மேலும் சுமார் 1,27,000 வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டன. துருவல் உள்ளே இருக்கும்போது எந்த ஆயிலை ஊற்றியும் பயனில்லை.

இவற்றால் அறிய வேண்டியவை இரண்டு. ஆயிலின் கெட்டித்தன்மையை மாற்றுவது தயாரிப்பாளர் ஆராய்ந்து செய்ய வேண்டிய காரியம். கடைக்காரர் சொல்லையோ அண்டை வீட்டார் பழக்கத்தையோ நம்பிச் செய்வதன்று. அளவுக்கு மேல் கெட்டியான ஆயில், வண்டியைக் கிளப்பியவுடன் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். இரண்டாவது, எல்லாப் பழுதும் ஆயிலால் வருவதன்று. தயாரிப்புக் குறையால் வந்த பழுதுக்குத் தயாரிப்பாளரிடம் ஈடு கேட்க வேண்டுமாயின், சரியான ஆயிலை உரிய காலத்தில் மாற்றியதற்கு ரைத்தின் கையில் ருசு இருக்க வேண்டும்.

ஆயில் மட்டம் ஏறினால் ஆபத்து

ஆயில் குறைந்தால் கெடுதல் என்பதை யாவரும் அறிவர். புதிய வண்டிகளில் ஆயில் மட்டம் ஏறுவதும் கெடுதலே. கரி வடிகட்டியைச் சூடாக்கி எரிப்பதற்காகப் பல இஞ்சின்கள் சிலிண்டருக்குள் சிறிது டீசலை அதிகமாகப் பாய்ச்சுகின்றன. வயலிலிருந்து மண்டிக்கு மட்டும் சிறு தூரம் ஓடி நிறுத்தப்படும் வண்டியில் இவ்வேலை பாதியில் நின்றுபோய், எரியாத டீசல் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே ஆயிலில் கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போய்ப் படலம் அறுகிறது. “நமது வண்டி ஆயிலே குடிப்பதில்லை” என்று மகிழ்ந்திருக்கும்போதே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும்.

வாரம் ஒரு முறை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஆறியபின் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். மட்டம் மேற்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, டீசல் நாற்றம் வீசினாலோ உடனே ஆயிலை மாற்றுதல் வேண்டும். கரி எரிப்பு விளக்கு தெரிந்தால், பெரிய சாலையில் இருபது முப்பது நிமிஷம் சீரான வேகத்தில் ஓட்டி அவ்வேலையை முடிக்கவிட வேண்டும்.

ஓட்டும் முறை

வண்டியைக் கிளப்பியவுடன் ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாகாது. அரை நிமிஷம் ஆயில் மேலேறவிட வேண்டும். பாரத்துடன் ஏற்றம் ஏறி வந்து நிறுத்துகையில், ஓரிரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டுப் பின்னர் அணைக்க வேண்டும். இல்லையேல் சூடான டர்போவில் தங்கிய ஆயில் கருகிக் கட்டியாகி, அடுத்த முறை ஆயில் வரும் வழியை அடைத்துவிடும். யானைகள் கடப்பதற்காகச் சானமாவுச் சாலையில் வண்டிகள் நிறுத்தப்படும்போதும் இவ்விதமே செய்யலாம். ஆனால் வனத்துறையினர் இஞ்சினை உடனே அணைக்கச் சொன்னால் உடனே அணைக்க வேண்டும். உயிரினும் டர்போ பெரிதன்று.

காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய் தளர்ந்தால், செம்மண் தூசியும் கல் குவாரிகளின் தூசியும் உள்ளே புகுந்து சக்கரத்தை அரித்துவிடும். ஆகவே அதன் பிடிப்பை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும்.

முன்னறிகுறிகள்

நீலப் புகை, புதிதாகக் கேட்கும் ஊளைச் சப்தம், ஏற்றத்தில் இழுப்புக் குறைவு ஆகியவை டர்போ கெடுவதன் அடையாளங்கள். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் “மண்டி வரை போய்விடலாம்” என்று எண்ணாமல் ஓரங்கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும். டர்போவின் அடைப்பு முற்றிலும் உடைந்துவிட்டால், டீசல் இஞ்சின் தன் சொந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பியும் நிற்காமல் ஓடக்கூடும். கையால் கியர் மாற்றும் வண்டியாயின், மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதும் மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டால் இஞ்சின் திணறி நிற்கும்.

கெட்ட டர்போவுக்குப் பதில் புதியது மாட்டும்போது, அதற்கு ஆயில் வரும் குழாயையும் காற்றுக் குழாய்களையும் சுத்தம் செய்து, ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றியே தீர வேண்டும். முதல் டர்போ கெட்ட காரணம் உள்ளேயே இருந்தால், இரண்டாவதும் அதே கதியை அடையும்.

கணக்கும் கழிவும்

வண்டிக்கென ஒரு நோட்டு வைத்து, ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் ரகம், எண் ஆகியவற்றை எழுதி, ரசீதையும் சேர்த்து வைக்க வேண்டும். பாரம், தூசி, சிறு தூர ஓட்டம் ஆகியவற்றைக் கைப்புத்தகம் ‘கடின உபயோகம்’ என்று குறித்திருந்தால், அதற்குரிய குறைந்த கெடுவையே அனுசரிக்க வேண்டும். முத்திரை உடையாத டப்பாவை நம்பகமான கடையில் வாங்குக. காலியான டப்பாவைத் துளையிட்டு எறிக. இல்லையேல் அதே டப்பா போலி ஆயிலுடன் திரும்பி வரலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. கழிவு ஆயில் 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டினால், ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கே சென்று சேரும். ஆகையால் கிராமத்துக்கு ஒரு மூடிய டிரம் வைத்துச் சேகரித்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்கும்படி ஏற்பாடு செய்தல் நலம்.

ஒரு முறை ஆயில் மாற்றும் செலவு, ஒரு நடைத் தக்காளியின் லாபத்தில் அடங்கிவிடலாம். இஞ்சின் மாற்றும் செலவோ ஒரு போகத்தின் வருமானத்தையே விழுங்கிவிடும். ஆகையால் அடுத்த அறுவடை தொடங்குமுன், வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு ரைத்தும் கைப்புத்தகத்தை எடுத்து, அதில் குறித்த ஆயிலும் இஞ்சினில் உள்ள ஆயிலும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பாராக.